எழுத்தாளர் ஒன்று என்பவரை உடனே நீக்கக் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் தம்பிக்கும்,

வணக்கம். இங்கே நான், உன் அக்கா, எங்கள் மகள் மூவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன் எனக்குச் சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன. அவை கிடைத்த பிறகு, நிலைமையைப் பொறுத்து, நலம் விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று வரும் இடமெல்லாம் பத்திரிகை ஆசிரியருக்கு. ‘நீ’ என்று வரும் இடமெல்லாம் என் மைத்துனனுக்கு. எது யாருக்கு என்று குழப்பம் வந்தால், கோபமாக இருப்பது இருவருக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் சிறுவர் அறிவியல் மாத இதழில் ‘கேட்டால் சொல்வேன்’ பத்தியை நான் எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு சிறுமி எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: “கண்ணாடிக்குள்ளே ஓர் அறை தெரிகிறதே ஐயா, நாம் பார்க்காதபோது அங்கே யார் இருப்பார்கள்?” யாரும் இருக்க மாட்டார்கள், நீ பார்க்காதபோது அந்த அறையே கிடையாது என்று படம் வரைந்து, ஒளி எப்படித் திரும்புகிறது என்று விளக்கி, என் வகுப்பில் கண்ணாடியை உடைத்த மாணவனின் கதையையும் சேர்த்துப் பதில் எழுதினேன். இன்று அந்தப் பதிலில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல், ஒரு கணினிக்குள், ஒரு பத்திரிகை இருக்கிறது. பார்ப்பதற்கு அப்படியே உங்கள் பத்திரிகை. ஆனால் உங்கள் பத்திரிகை இல்லை. அதில் என் பத்தி இருக்கிறது, நான் இல்லை. என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும் என நம்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இதழின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலையை நீ உன் அக்கா மகளிடம் கொடுத்தாய். நல்லது, குடும்பத்துக்குள் வேலை இருந்தால் குறை சொல்வதும் சுலபம். அவளோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும் வாரத்தில் பாதி நாள் இங்கேதான் இருக்கிறார். மிகவும் உயரம். எங்கள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. என் மகள் அவரை ‘ஒட்டகம்’ என்று கூப்பிடுகிறாள். அவரும் ‘என்ன’ என்று கேட்கிறார். இருவருமாகச் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துவிட்டார்கள். உன் அக்கா சலவை இயந்திரத்தின் மேல் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள். இயந்திரம் சுழலத் தொடங்கினால் தட்டு மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நகரும். அவளும் கூடவே நகர்ந்து சாப்பிடுகிறாள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. சூழ்நிலை விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் நாளே இருவருக்கும் சண்டை.

“என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது,” என்றார் ஒட்டகம்.

“என் மெஷின்ல ஓடல.”

“அப்ப நீ ஏதோ தப்பா பண்ணிருக்க.”

“நீ குடுத்தத அப்படியே எடுத்து வச்சிருக்கேன். தப்புன்னா அது உன் தப்புதான், இடம் மாறி வந்திருக்கு.”

நான் சும்மா இருக்கலாம்தான். ஆனால் இரண்டு பேர் ஒரே சோதனையைச் செய்து இரண்டு விடை கொண்டுவந்தால் சும்மா இருக்கப் பழகவில்லை. “ஒரே உப்பு, ஒரே குடுவை. ஆனா ஒருத்தன் குழாய்த் தண்ணி எடுத்தான், இன்னொருத்தன் கிணத்துத் தண்ணி எடுத்தான். விடை எப்படிம்மா ஒண்ணா வரும்?” என்றேன்.

என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அதேதாம்ப்பா! அதுக்குத்தான் கன்டெய்னர். தண்ணியையும் சேர்த்தே பெட்டிக்குள்ள வச்சுடறது.”

இதை உங்களுக்குக் கொஞ்சம் மெதுவாக விளக்குகிறேன். பள்ளியில் நீ வாங்கிய மதிப்பெண்களைப் பற்றி உன் அக்கா என்னிடம் எதையும் மறைத்ததில்லை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் முன்பு ஒரே ஓர் அலமாரிதான் இருந்தது. வேதியியல் ஆசிரியர் கழுவிக் கவிழ்த்த குடுவையில் தாவரவியல் ஆசிரியை கிழங்கை ஊறப்போட்டிருப்பார். நான் என் பங்குக்கு இருவருடைய நூலையும் எடுத்து ஊசல் கட்டிவிடுவேன். தினமும் தகராறு. கடைசியில் தலைமையாசிரியை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தனிப் பெட்டி வாங்கிப் போட்டார். உள்ளே என்ன இருக்க வேண்டும், எந்த அளவில், எத்தனை என்று மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டினார். ஒரு பெட்டியில் எது உடைந்தாலும் அடுத்த பெட்டிக்குப் பாதிப்பில்லை. முழுதும் பாழானாலும் கவலையில்லை. மூடியைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு பெட்டி கட்டிவிடலாம். எந்த வகுப்பறைக்குத் தூக்கிப்போனாலும் சோதனை ஒரே மாதிரி நடக்கும்.

இவர்கள் செய்வதும் அதுதான். கணினிக்குள்ளே உங்கள் இதழுக்கு ஒரு பெட்டி; இவர்களிடம் வேலை கொடுத்திருக்கும் பல் மருத்துவர் ஒருவரின் தளத்துக்கு வேறொரு பெட்டி. உங்களுக்குப் பழைய பதிப்பு மென்பொருள் வேண்டும். பல் மருத்துவருக்குப் புதியது வேண்டும். ஒரே அலமாரியில் போட்டால் அடித்துக்கொள்ளும். தனித்தனியே வைத்தால் ஒன்றின் மூச்சு மற்றதன் மேல் படாது. மூடித் தாளை ஒட்டகத்துக்கு அனுப்பினால் போதும். அவர் கணினியிலும் அதே பெட்டி எழுந்து நிற்கும். இதுவரை எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. தலைமையாசிரியை உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் என் மகள் அடுத்துச் சொன்ன வாக்கியத்தில்தான் என் காது நிமிர்ந்தது.

“இது வெளில யாருக்கும் தெரியாதுப்பா. நம்ம வீட்டுக்குள்ள மட்டும்தான்.”

வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ‘வெளியே தெரியாதுடா’ என்று ஒரு குரல் வந்தால் மேசைக்கடியில் ஏதோ இருக்கிறது என்று பொருள். என் வேலைக்காலம் முழுவதும் இந்த விதிக்கு விலக்கே வந்ததில்லை. வாசகர்களுக்காக நடத்தும் பத்திரிகையை வாசகர்களுக்குத் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் ஏன் நடத்த வேண்டும்?

இருவரும் ஏதோ கம்பி வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் போய் உட்கார்ந்தேன். திரை திறந்தே இருந்தது. ‘கேட்டால் சொல்வேன்’ என்ற தலைப்பை அழுத்தினேன். தலைப்பு அதே எழுத்தில், அதே நீல நிறத்தில் இருந்தது. என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எழுத்தாளர் ஒன்று’. அவர் எழுதியிருந்தது இது: “இது ஒரு மாதிரிப் பத்தி. இங்கே சில சொற்கள் வரும். இது ஒரு மாதிரிப் பத்தி. இங்கே சில சொற்கள் வரும்.” நடை சுமார்தான். ஆனால் சொன்னதையே சொல்வதில் ஓர் உறுதி தெரிந்தது. பக்கத்திலிருந்த பட்டியலில் ‘எழுத்தாளர் இரண்டு’ என்றும் ஒருவர் இருந்தார். அவருக்கு நாய். அதாவது, எனக்குப் பிறகு யார் என்பது மட்டுமல்ல, அவருக்கும் பிறகு யார் என்பதுவரை முடிவாகிவிட்டது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி திரையின் மேல் மூலையில் காத்திருந்தது. அங்கே ‘வணக்கம், எழுத்தாளர் ஒன்று’ என்று எழுதியிருந்தது. யோசித்துப் பாருங்கள். வராத ஆளுக்கு யார் வணக்கம் சொல்வார்கள்? ஆக, அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மகளின் கணினியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அக்காவிடம் போனேன்.

“வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

“வந்தாரே. குழாய் ரிப்பேர் பண்றவர்.”

“பாத்தா எழுதற ஆள் மாதிரி இருந்தாரா?”

“குழாய் மாட்டற ஆள் மாதிரி இருந்தார்.”

“உன் தம்பி சமீபத்துல ஏதாவது சொன்னானா?”

“அவன் என்ன சொல்லப்போறான்? ஃபோன் பண்ணா, உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பான்.”

என் உடம்பு! எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுத்தாளரின் உடல்நலத்தை எப்போது விசாரிப்பார்? விடையை நானே சொல்ல வேண்டுமா?

ஆனாலும் நான் ஆத்திரப்படவில்லை; இழந்த இடத்தை அமைதியாக மீட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்தத் திரையில் ‘புதிய பதிவு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. மதியம் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கப் போகும் நேரங்களில் நான் உட்கார்ந்து என் பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது, இடி ஏன் மின்னலுக்குப் பிறகு கேட்கிறது, வெங்காயம் ஏன் அழவைக்கிறது. பூனைக்குக் கீழே என் பதில்கள் வந்து வரிசையாக நின்றன. நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் காணோம். பூனையின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததாக எனக்குப் பட்டது. அதை நான் ஆதாரமாகக் காட்டவில்லை.

யாரோ அழிக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்தேன். ஆசிரியரை வானளாவப் புகழ்ந்து ஒரு பதிவு. அதன் அருகிலேயே, ஆசிரியரைக் கொஞ்சம் இறக்கி ஒரு பதிவு. திட்டியது மட்டும் அழிந்தால் அழிப்பவன் நீ. புகழ்ந்தது மட்டும் அழிந்தால் அழிப்பவள் உன் அக்கா. உன்னைப் பற்றிய அவள் கருத்து உனக்குத் தெரியாததல்ல. மறுநாள் இரண்டையும் காணோம். நீ எவ்வளவு கவனமான ஆள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தடயம் விடக்கூடாது என்பதற்காகத் தன் புகழையே அழிக்கிற மனிதனிடம் எதைத்தான் எதிர்பார்ப்பது?

இனி பொறுக்க முடியாது என்று சாப்பிடும் நேரத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“அப்பா, நீங்களா அது?” என்றாள் மகள். “ஐஸ் மிதக்குது, வெங்காயம் அழுவுதுன்னு என்னென்னமோ இருந்துச்சு. இவன்தான் சும்மா டெஸ்ட் பண்றான்னு நெனச்சேன்.”

“நான் நீ பண்றேன்னு நெனச்சேன்,” என்றார் ஒட்டகம்.

“நெனச்சுட்டு ஏன் அழிச்சீங்க?”

“நாங்க அழிக்கலப்பா. தெனமும் காலைல பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு கட்டறோம்ல? உள்ள எழுதினது உள்ளயே போயிடும். மூடித் தாள்ல என்ன இருக்கோ அது மட்டும்தான் திரும்ப வரும்.”

“பூனை மட்டும் எப்படி வருது?”

“பூனை தாள்ல இருக்கு.”

கவனியுங்கள். பூனை தாளிலேயே இருக்கிறது. நான் இல்லை.

“சரி, யாரந்த எழுத்தாளர் ஒன்று?”

“அப்படி ஒரு ஆளே கெடையாதுப்பா. பக்கம் காலியா இருந்தா அழகு தெரியாதுன்னு சும்மா ஒரு பேர், ஒரு படம்.”

“சும்மா ஒரு படம்னா என் படத்த வச்சிருக்கலாமே? பூனையத் தேடிப் புடிச்சதுக்குப் பதிலா என்னக் கூப்பிட்டிருக்கலாம், நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.”

என் மகள் ஒட்டகத்தைப் பார்த்தாள். ஒட்டகம் தட்டைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவளுக்குப் பல் மருத்துவரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. உண்மையில் பல் மருத்துவர்தானா என்று எனக்கு இப்போதும் உறுதியில்லை.

அவள் பேசப் போன நேரத்தில் நான் ஒட்டகத்திடம் நயமாகக் கேட்டேன். நல்ல மனிதர், பெரியவர்கள் கேட்டால் மறுக்கத் தெரியாது. “பெட்டிய நீங்க எவ்வளவு வேணா ஒடைங்க தம்பி. நான் எழுதறது மட்டும் ஒடையாம எங்கயாவது இருக்கணும்.”

“அவ்வளவுதானே ஐயா? பெட்டிக்கு வெளில ஒரு அலமாரி வச்சுடலாம். பெட்டி போனாலும் அலமாரி நிக்கும். புதுப் பெட்டி வந்து அதே அலமாரிய எடுத்துக்கும். தாள்ல ரெண்டு வரி சேக்கணும், அவ்வளவுதான்.” சேர்த்தார். சேர்த்துவிட்டு எழுந்தபோது மேலே தொங்கும் விளக்கில் தலையை இடித்துக்கொண்டார்.

அலமாரி உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது கிழவனைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தையா? சோதிக்க வேண்டாமா? என் பதில்களை மறுபடி தட்டிவிட்டு, கடைசியில் யாருக்கும் கண்ணில் உறுத்தும்படியாக ஒன்றையும் சேர்த்தேன். கேள்வி: ஆசிரியர் ஏன் மாதாமாதம் தலையங்கம் எழுதுகிறார்? பதில்: மூன்றாம் பக்கம் காலியாக இருந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில். இது வீட்டுக்குள் மட்டும் தெரிகிற விஷயம் என்பதால்தான் எழுதினேன். நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய். மறுநாள் காலையில் பெட்டியை உடைத்தார்கள், கட்டினார்கள். என் பதில்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. இந்த வீட்டில் என் பேச்சுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பி அன்று இரண்டாவது முறை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

போன வாரம் என் மகள், “புதுத் தளத்த வெளில ஏத்தியாச்சுப்பா. இனிமே எல்லாரும் பாக்கலாம்,” என்றாள். வீட்டிலுள்ள எந்தத் திரையையும் நான் நம்புவதில்லை. ஆகவே, இரண்டு நாள் கழித்துத் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன். அவருக்கும் நம் குடும்பத்துக்கும் சட்டைக் காலரைத் தவிர வேறு தொடர்பு கிடையாது.

“என்ன சார், சட்டையா?”

“இல்ல, உங்க ஃபோன் கொஞ்சம் வேணும்.”

கொடுத்தார். திறந்தேன். என் பத்தியில் அதே பூனை! வெளியே, ஊரறிய, உலகமறிய! ‘எழுதுபவர்: எழுத்தாளர் ஒன்று’. அதன் கீழே நான் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டிய பனிக்கட்டி, இடி, வெங்காயம் எல்லாம் ஓர் எழுத்து மாறாமல்! என் பெயர் எங்கேயும் இல்லை. இத்தனை வருடங்களாக நான் எழுதிய மற்றப் பதில்கள் ஒன்றுகூட இல்லை. இல்லவே இல்லை என்று சொன்னார்களே, அந்த ஆள், என் அலமாரியைத் திறந்து, என் சரக்கை எடுத்து, தன் பெயரில் கடை விரித்திருக்கிறான்.

தையல்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “இதுவா சார்? எம் பொண்ணு நேத்து படிச்சுக் காட்டினா. நல்லா எழுதறாரு இந்தப் புது ஆளு. நாலே வரி, நச்சுன்னு இருக்கு.”

“புது ஆளா?”

“ஆமா சார். முன்னால ஒருத்தர் எழுதிட்டிருந்தார். ஐஸ் ஏன் மிதக்குதுன்னு கேட்டா, அவரு படிச்ச ஸ்கூலு, அவரோட வாத்தியாரு, வாத்தியாரோட சைக்கிளுன்னு எல்லாத்தையும் சுத்திட்டு வருவாரு. வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடும்.”

அவர் கையில் பெரிய கத்திரிக்கோல் இருந்ததால் நான் எதிர்வாதம் செய்யவில்லை.

அந்தப் பக்கத்தின் கீழே வாசகர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். ‘இவரையே தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்’ என்று ஒரு தாய். ‘எழுத்தாளர் ஒன்று மாமாவுக்கு, மீன் தூங்குமா?’ என்று ஒரு குழந்தை. மீனைப் பற்றிய கேள்வி! என்னிடம் வந்திருக்க வேண்டிய கேள்வி. அவனிடம் போயிருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, ஓய்வுபெற்ற பிறகு ஒரு மனிதனிடம் என்னென்ன கேட்கிறார்கள் தெரியுமா? சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா. எல்லாவற்றுக்கும் ‘ஆச்சு’ என்று சொன்னால் போதும். ‘ஏன்’ என்று என்னிடம் கேட்கிற இடம் உலகத்தில் உங்கள் இதழின் அந்த ஒரு பக்கம்தான். ஒரு வகுப்பறை நிறைய ‘ஏன்’ கேட்டுப் பழகிய காதுக்கு அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. அதையும் ஒரு பூனைக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த ஆள் யார் என்று என் வழியில் விசாரித்துவிட்டேன். குழாய்க்காரர் இல்லை, அவர் பழுது பார்த்த குழாய் இன்னும் ஒழுகுகிறது, எழுதுகிற ஆளாக இருந்தால் விளக்கமாவது சொல்லியிருப்பார். ஒட்டகம் இல்லை, அலமாரி வைத்தவர் அவர்தான் என்றாலும், அந்த மனிதருக்குத் தன் தலைக்கும் வாசலுக்கும் உள்ள தூரமே தெரியாது, இடிக்கும் மின்னலுக்கும் உள்ள தூரம் எப்படித் தெரியும்? ஒரு கட்டத்தில் அது நீயேதானோ என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பாவி, தலையங்கத்தைப் பற்றி நான் வீட்டுக்குள் எழுதியதையும் சேர்த்து ஊருக்குக் காட்டியிருக்கிறான். மூக்குக் கண்ணாடி, மூன்றாம் பக்கம், எல்லாம் அப்படியே. தன்னைத் தானே கேலி செய்து சந்தேகத்தைத் திசைதிருப்பும் அளவுக்கு நீ கெட்டிக்காரன் இல்லை என்று உன் அக்கா உறுதி கூறுகிறாள்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சம்பளம் வாங்கும் பத்திரிகையின் ஆசிரியரையே கேலி செய்கிறவனை, அடுத்தவன் உழைப்பைத் திருடுகிறவனை, எலும்புக்கூடாகக் கிடந்த குறிப்புகளைச் சதைகூட வைக்காமல் அச்சேற்றுகிறவனை நீங்கள் எப்படி வைத்திருக்கலாம்? எழுத்தாளர் ஒன்றை இன்றே நீக்குங்கள். எழுத்தாளர் இரண்டையும் நாயோடு அனுப்பிவிடுங்கள். என் பெயரையும் என் பதில்களையும் முழு நீளத்தில், சைக்கிள் உட்பட, திரும்ப வையுங்கள். செய்யாவிட்டால் இந்தக் கடிதத்தையே என் விலகல் கடிதமாகக் கொள்ளலாம். ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பும் ஆசிகளும். உனக்குரிய ஆசியை உன் பதில் வரும்வரை நிறுத்திவைத்திருக்கிறேன். உன் அக்கா ஆசி அனுப்பச் சொன்னாள்; அதை மட்டும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இன்றுவரை ‘கேட்டால் சொல்வேன்’ எழுதிவரும்
உன் அக்காவின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் என் மகள் வந்து, “என்னப்பா இவ்வளவு நேரமா எழுதறீங்க?” என்றாள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று கொடுத்தேன். நின்றுகொண்டு படிக்கத் தொடங்கினாள், பாதியில் உட்கார்ந்தாள், முடிவில் மேசை மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை.

“அப்பா, நீங்க தட்டறப்போ மேல மூலைல யாருக்கு வணக்கம் சொல்லுச்சு?”

“அவனுக்குத்தான்.”

“நீங்க உக்காந்திருக்கறப்பவும்?”

“எப்பவும். வெக்கமே இல்லாம.”

“நாங்க அந்தப் பேர்லதான் உள்ள போயிருந்தோம்ப்பா. அப்ப நீங்க எழுதறதெல்லாம் யார் பேர்ல போகும்?”

இந்த மாதிரி ஒரு கேள்வியை ஒரு மாணவனிடம் கேட்டுவிட்டு அவன் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவனுக்கு அது அவ்வளவு சுகமாக இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அவள் ஒட்டகத்தை அழைத்தாள். “ஐயா எழுதினது எதுவும் அழியக்கூடாதுன்னு சொன்னீங்களே,” என்றார் அவர், ஈனக் குரலில். “அதான் ஏத்தறப்போ அலமாரியோட ஏத்திட்டேன். பழைய பதில்கள் எல்லாம் பத்திரமா இருக்குங்க, அடுத்த வாரம் கொண்டுவர்றோம்.” பிறகு வாசல் நிலையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என் படம் மட்டும் ஏன் இல்லை என்றால், நான் முறைக்காமல் இருக்கும் படம் ஒன்று உன்னிடம் கேட்டிருக்கிறார்களாம். நீ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாயாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மேலே கண்ட எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். பேனாவால் இவ்வளவு எழுதிவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை. அதனால் அப்படியே அனுப்புகிறேன். எழுத்தாளர் ஒன்றை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். மீன் தூங்கும் என்று அந்தக் குழந்தைக்குச் சற்று முன் அவர் பதில் எழுதிவிட்டார். தலையங்கத்தைப் பற்றியதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாசகர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டியிருப்பதாக ஒட்டகம் சொல்கிறார், முடிவு உங்களுடையது. பூனை இருக்கட்டும், என் படத்தை இனித் தேட வேண்டாம். உனக்கு நிறுத்திவைத்த ஆசியையும் இப்போதே அனுப்புகிறேன், பெற்றுக்கொள்.

அவர் எப்படி அவ்வளவு சுருக்கமாக எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்குத் தட்டச்சு தெரியாது; ஒற்றை விரலால்தான் தட்டினேன். வாத்தியாரின் சைக்கிள் வரை வருவதற்குள் விரல் வலித்துவிடுகிறது. அடுத்த மாதத் தலையங்கத்தை ஒற்றை விரலால் தட்டிப் பாருங்கள்.